மேடையேறாத சாட்சிகள்

(ஊர் நூலக வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘கிறித்தவ சுகமளிக்கும் இயக்கமும் பெண்களும்’ என்று போட்டிருக்கிறார்கள். அந்தத் தலைப்புக்கு மூன்று நாள் பேச வேண்டும். எனக்குக் கொடுத்திருப்பது ஒரு மணி நேரம். எட்டரைக்கு மேல் போனால் காவலாளி ஃபேனை நிறுத்திவிடுவார் என்று தலைவர் வேறு எச்சரித்திருக்கிறார். அதனால் ஒரே ஒரு பெண்ணைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன். கேத்ரின் குல்மன். அமெரிக்கர். 1907-இல் பிறந்து 1976-இல் இறந்தவர்.

இவருடைய பழைய ஒளிப்பதிவுகளை இப்போதும் பார்க்கலாம். உயரமான, செம்பட்டை முடிக்காரப் பெண். கணுக்கால் வரை தொங்கும் வெள்ளை அங்கி, கையைத் தூக்கினால் சிறகு மாதிரி விரியும் சட்டைக்கை. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பேசுவார். முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாடகம் போடுகிறார் என்று நினைத்தேன். பத்து நிமிடம் கழித்துத்தான் கவனித்தேன், நான் நாற்காலி நுனிக்கு வந்திருந்தேன். அந்த ஈர்ப்பை ஒத்துக்கொள்ளாமல் இவரைப் பற்றிப் பேசினால் அது நேர்மையாக இருக்காது.

நம் ஊரில் சுகமளிக்கும் கூட்டம் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே மைதானம், டியூப் லைட் வரிசை, சக்கர நாற்காலிகளுக்குத் தனி இடம், கடைசியில் மேடையேறி மைக்கில் சாட்சி சொல்பவர்கள். இந்தச் சாட்சி என்ற சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுக்க அதைச் சுற்றித்தான்.

முதலில் ஒரு சின்னப் பின்கதை. ஜெபத்தால் நோய் தீரும் என்ற இயக்கம் அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பரவியபோது அதன் நடுவில் பெண்கள் இருந்தார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் சாரா மிக்ஸ் என்ற கறுப்பினப் பெண், கேரி ஜட் என்ற படுத்த படுக்கையாகக் கிடந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதினார். இன்ன நாளில், இன்ன நேரத்தில் நாங்கள் உனக்காக ஜெபிப்போம், நீயும் எழுந்து உட்கார் என்று. 1879-இல் அந்தப் பெண் எழுந்தார். பிறகு அவரே ஊழியக்காரராகி, குணமானவர்களின் கதைகளை அச்சிட்டுப் பரப்பினார். மரியா வுட்வர்த்-எட்டர் கூடாரம் கூடாரமாகப் போய்ப் பிரசங்கித்தார். ஏமி செம்பிள் மெக்ஃபெர்சன் 1923-இல் லாஸ் ஏஞ்சலிஸில் 5,300 பேர் அமரும் ஆலயத்தையே கட்டினார்.

ஏன் பெண்கள்? பெரும்பாலான சபைகளின் பிரசங்க பீடத்தில் அவர்களுக்கு இடமில்லை. நோயாளியின் கட்டிலருகே மட்டும் இடம் இருந்தது. சாட்சி சொல்லப் பட்டமும் தேவையில்லை, குருப்பட்டமும் தேவையில்லை. என் உடம்புக்கு இப்படி நடந்தது என்று ஒரு பெண் சொன்னால், உனக்கு இறையியல் தெரியுமா என்று யாரும் கேட்க முடியாது. பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் திறந்து கிடந்த ஜன்னல் அது. அதன் வழியாக உள்ளே வந்தவர்களில் கடைசிப் பெரிய பெயர் கேத்ரின் குல்மன்.

மிசௌரி மாநிலத்தில் கன்கார்டியா என்ற சின்ன ஊர். ஜெர்மன் குடியேறிகள் நிறைந்த இடம். அப்பா ஜோ குல்மன் அந்த ஊருக்கு மேயராகவும் இருந்தவர். அம்மா கண்டிப்பு, அப்பா செல்லம். நம் வீடுகளில் நடக்கிற அதே கதைதான். அம்மா போகும் மெதடிஸ்ட் சபையில் பதினான்கு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழுதுகொண்டே முன்னால் போனது தன் மனமாற்றம் என்று பிற்காலத்தில் சொல்வார். பத்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்தது. அந்த ஊரில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. அக்கா மர்ட்டில் ஒரு சுவிசேஷகரைக் கட்டியிருந்தார். அக்காவோடும் அத்தானோடும் மேற்கு மாநிலங்களில் கூடாரக் கூட்டங்களுக்குப் போனார். துணி துவைத்தார், பாடினார், சாட்சி சொன்னார். 1928-இல் ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில், பியானோ வாசிக்கும் ஹெலன் கலிஃபர்ட் என்ற தோழியோடு தனியாகப் பிரசங்கிக்கத் தொடங்கினார். வயது இருபத்தொன்று. தங்க இடமில்லாமல் ஓர் ஊரில் வான்கோழிக் கொட்டகையைத் தேய்த்துக் கழுவிவிட்டு அதில் படுத்துக்கொண்டதை வாழ்நாள் முழுதும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு பெண் எதற்குப் பிரசங்கிக்கிறாள் என்று கேட்டவர்களுக்கு அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. இந்த வேலைக்குக் கடவுள் முதலில் தேடியது ஆண்களைத்தான், அவர்கள் மறுத்துவிட்டார்கள், நான் மூன்றாவது நான்காவது ஆளாக வந்தவள் என்பார். இதைத் தாழ்மை என்று சிலர் புகழ்வார்கள். எனக்கு நம் வீட்டுப் பாட்டிமார் நினைவுதான் வருகிறது. ‘எனக்கென்ன தெரியும், நான் பொம்பள’ என்று ஆரம்பித்துவிட்டு, பஞ்சாயத்தையே முடித்து வைத்துவிடுவார்களே, அவர்கள்.

1933-இல் கொலராடோவின் டென்வர் நகரம். பொருளாதார மந்தத்தின் உச்சம். காலியாகக் கிடந்த கிடங்கில் தொடங்கிய கூட்டம், 1935-இல் ஒரு கடையின் பழைய லாரிக் கொட்டகைக்கு மாறி, 2,000 பேர் அமரும் கூடமாயிற்று. டென்வரில் இருந்தபோதுதான், 1934 கடைசியில், ஊரில் அப்பா பனிப்பாதையில் கார் மோதி விழுந்துவிட்டார் என்று செய்தி வந்தது. பனிப்புயலில் தானே காரை ஓட்டிக்கொண்டு போனார். போய்ச் சேர்வதற்குள் அப்பா இறந்திருந்தார். ஆயிரக்கணக்கானோர் முன்னால் நின்ற பிறகும், அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவர் குரல் மாறும்.

டென்வருக்குப் பிரசங்கிக்க வந்தவர்களில் ஒருவர் பர்ரோஸ் வால்ட்ரிப். டெக்சாஸ்காரர். மனைவியும் இரண்டு பையன்களும் உள்ளவர். அவர்களை விட்டுவிட்டு விவாகரத்து வாங்கினார். கேத்ரினின் நண்பர்கள் வேண்டாம் என்று கெஞ்சினார்கள். 1938 அக்டோபர் 18-இல் அயோவாவின் மேசன் சிட்டியில் திருமணம் நடந்தது. டென்வர் சபை கலைந்துபோயிற்று. பத்து வருடம் கூடவே இருந்த ஹெலனும் விலகிப்போனார். வால்ட்ரிப் கட்டியிருந்த ஆலயம் கடனில் மூழ்கியது. அடுத்த சில வருடங்கள் இருவரும் ஊர் ஊராக அலைந்தார்கள். பல இடங்களில் அவர் பிரசங்கிக்க, இவர் மேடையில் பின்னால் உட்கார்ந்திருப்பார். பழைய கதை தெரியவந்ததும் அந்த ஊர்க் கதவும் மூடும்.

இந்த இடத்தில் கேத்ரினுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. மேசன் சிட்டித் திருமணத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. கைவிடப்பட்ட ஒரு மனைவி, இரண்டு குழந்தைகள். 1952-இல் ஓஹியோவின் ஆக்ரன் நகரில் பத்திரிகைக்காரர்கள் இதைக் கிளறியபோது, தான் முறைப்படி மணம் புரியவே இல்லை என்கிற தோரணையில் பதில் சொன்னார். அது உண்மையில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்வி துரத்தியது கேத்ரினை மட்டும்தான். இன்று வால்ட்ரிப் என்ற பெயரை யாராவது தேடினால், கேத்ரின் குல்மனின் அடிக்குறிப்பில்தான் கிடைக்கிறது.

1944-இல் லாஸ் ஏஞ்சலிஸில் கேத்ரின் கணவரைப் பிரிந்து வந்தார். ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு மரநிழல் விழுந்த தெருவொன்றில் நடந்துகொண்டிருந்ததாகவும், தெருக்கோடியில் ‘முட்டுச் சந்து’ என்ற பலகையைப் பார்த்ததாகவும், அங்கேயே பழைய கேத்ரின் செத்துவிட்டதாகவும் பின்னாளில் பலமுறை சொன்னார். தெருப்பலகையைக்கூட விடாமல் பிரசங்கமாக்கத் தெரிந்தவர் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு முப்பத்தேழு வயது, கையில் ஊழியமும் இல்லை, குடும்பமும் இல்லை என்பதும் நிஜம்.

1946. பென்சில்வேனியாவின் ஃபிராங்க்ளின் என்ற எண்ணெய்க் கிணற்று ஊர். பக்கத்து ஆயில் சிட்டியில் வானொலி நிலையம். அங்கே இரண்டாம் முறையாகத் தொடங்கினார். அதுவரைக்கும் அவர் சுகமளிக்கும் ஊழியக்காரர் இல்லை, வெறும் சுவிசேஷப் பிரசங்கி. அந்தக் காலத்தில் அமெரிக்கா முழுக்கச் சுகமளிக்கும் கூடாரங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. அருகிலுள்ள ஈரி நகரில் அப்படி ஒரு கூடாரத்துக்கு வேடிக்கை பார்க்கிற மாதிரி போனார். அந்த இரவை அவரே எழுதியிருக்கிறார். நோயாளிகள் வரிசையாகப் போகிறார்கள். குணமாகாதவர்களிடம், உங்களுக்கு விசுவாசம் போதாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். கம்பை ஊன்றி வந்தவர் அதே கம்பை ஊன்றித் திரும்புகிறார். வரும்போது வலி மட்டும் இருந்தது, போகும்போது குற்றவுணர்ச்சியும் சேர்ந்துவிட்டது. அந்த முகங்களை மறக்க முடியாமல் அழுததாகக் கேத்ரின் சொல்கிறார்.

எனக்கு இவர் முக்கியமாகப் படுவது இந்த ஈரி இரவால்தான். கூட்டத்தில் எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வாசல் வழியாக வெளியே போகிறவர்களைப் பார்த்தவர் இவர். சுகமளிக்கும் இயக்கத்தின் பெரிய பெயர்களில் அதை எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு.

1947 ஏப்ரலில், ஃபிராங்க்ளினில் அவர் பிரசங்கம் தொடங்கும் முன் ஒரு பெண் எழுந்து நின்றார். முந்தின நாள் நீங்கள் பரிசுத்த ஆவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது என் உடம்பில் ஏதோ நடந்தது, இன்று டாக்டரிடம் போனேன், கட்டி இல்லை என்கிறார் என்று சொன்னார். யாரும் அவர் தலைமேல் கை வைக்கவில்லை. யாரும் அவருக்காகத் தனியாக ஜெபிக்கவில்லை. அடுத்த சில நாட்களில், வார்ப்படச் சாலையில் உருகிய உலோகம் தெறித்து ஒரு கண்ணின் பார்வை போன பழைய படைவீரர் ஒருவர் பார்வை திரும்பியதாகச் சொன்னார். அதற்குப் பிறகு கூட்டத்தை அடக்க முடியவில்லை.

கூட்டம் பெருகினால் காணிக்கை பெருகும், காணிக்கை பெருகினால் தகராறு வரும். இது எந்தச் சபைக்கும், எந்தக் கோயில் அறங்காவலர் குழுவுக்கும் பொது. கூடத்தின் நிர்வாகிகள் கதவைப் பூட்டினார்கள். ஆதரவாளர்கள் பூட்டை உடைத்தார்கள். கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு பழைய ஸ்கேட்டிங் தளத்தை வாங்கி அதில் கூட்டத்தை நடத்தினார். 1948 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்று, பிட்ஸ்பர்க் நகரின் வடகரையில் உள்ள கார்னகி அரங்கில் முதல் கூட்டம். நகரத்துக்கே குடிவந்துவிடுங்கள் என்று உதவியாளர்கள் நச்சரித்தபோது, அந்த ஸ்கேட்டிங் தளத்தின் கூரை இடிந்து விழுந்தால் வருகிறேன் என்றாராம். 1950 நவம்பரில் வரலாறு காணாத பனி பெய்தது. பனியின் எடை தாங்காமல் கூரை இடிந்து விழுந்தது. சாகும் வரை பிட்ஸ்பர்க்தான் அவர் ஊர்.

இனி அந்தக் கூட்டத்துக்கு உள்ளே போவோம். 1960-களின் இறுதி. நகரின் நடுவில் முதல் பிரெஸ்பிட்டேரியன் ஆலயம், கல்லால் கட்டிய பழைய கோயில். வெள்ளிக்கிழமை காலை. விடிவதற்கு முன்பே படிகளில் ஆட்கள். எஃகாலைத் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகளின் மனைவிமார், வெளியூர்ப் பேருந்துகளில் வந்தவர்கள். கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகளும் பாதிரியார்களும் மேடையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரணக் காட்சி இல்லை. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வத்திக்கானில் சந்தித்திருக்கிறார்.

கதவு திறந்ததும் இடம் பிடிக்க ஓட்டம். பாடகர் குழு பாடிக்கொண்டே இருக்கும். பாட்டின் நடுவில் பக்கவாட்டிலிருந்து வேகமாக நடந்து வருவார். பேச்சு ஒரு மணி நேரம் போகும். பிற சுகமளிக்கும் ஊழியக்காரர்கள் நோயாளிகளுக்கு எண் போட்ட அட்டை கொடுத்து வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகத் தொட்டு ஜெபிப்பார்கள். இவரிடம் அட்டையும் இல்லை, வரிசையும் இல்லை. ஆர்கன் இசை மெல்லத் தேய்ந்து வரும். திடீரென்று விரலை நீட்டுவார். மேல்மாடத்தில் ஒருவருக்குக் காது திறக்கிறது, அந்தப் பக்கம் ஒருவருக்கு முதுகுவலி போகிறது என்பார். நம் சபைகளில் இதை ‘அறிவை உணர்த்தும் வரம்’ என்று சொல்கிறார்கள். அப்படி உணர்ந்தவர்கள் எழுந்து இடைவழிக்கு வருவார்கள். அங்கே உதவியாளர்கள் நின்று விசாரிப்பார்கள். என்ன நோய், எத்தனை வருடம், இப்போது குனிந்து காட்டுங்கள், நடந்து காட்டுங்கள். சில நேரம் டாக்டர்களும் அங்கே இருப்பார்கள். வடிகட்டியபின் மேடை. மேடையில் கேத்ரின் தொட்டதும் பலர் மல்லாந்து விழுவார்கள். தாங்கிப் பிடிக்கப் பின்னால் ஆள் நிற்கும்.

நான் யாரையும் குணமாக்கவில்லை, எனக்கு இதில் ஒன்றுமில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். லாஸ் ஏஞ்சலிஸின் ஷ்ரைன் அரங்கில் ஏறத்தாழ 7,000 பேர் முன்னால் மாதந்தோறும் பத்து வருடம் கூட்டம் நடத்தினார். தொலைக்காட்சிக்கு மட்டும் சுமார் 500 நிகழ்ச்சிகள். 1962-இல் வந்த ‘நான் அற்புதங்களை நம்புகிறேன்’ என்ற அவருடைய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. 1973-இல் கனடாவிலிருந்து பேருந்தில் வந்து பிட்ஸ்பர்க் குளிரில் வாசலில் நின்ற இளைஞர் ஒருவர், பின்னாளில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு உலகம் சுற்றினார். பென்னி ஹின். 2005-இல் பெங்களூருவுக்கும் வந்து கூட்டம் நடத்தினாரே, அவர்தான்.

மேடையில் சொன்ன சாட்சிகளைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்த ஒரு டாக்டருக்கு இப்போது வருகிறேன். வில்லியம் நோலன், மினசோட்டா மாநிலத்தின் லிட்ச்ஃபீல்டு என்ற சிற்றூரில் அறுவை மருத்துவர். நன்றாக எழுதக்கூடியவர். 1973-இல் மினியாபொலிஸில் கேத்ரினின் கூட்டம் நடந்தபோது, திட்டமாட்டேன், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று அனுமதி கேட்டு, சக்கர நாற்காலிகளைத் தள்ளும் தொண்டராகவே உள்ளே போனார். அவர் செய்த காரியம் மிக எளிது. குணமானேன் என்று சொன்னவர்களின் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொள்ள இரண்டு செயலாளர்களை நிறுத்தினார். 82 பெயர்கள் சேர்ந்தன. பிறகு எல்லோருக்கும் கடிதம் போட்டார். 23 பேர் நேரில் வந்து பேசினார்கள். மாதங்கள் கழித்தும் தொடர்ந்து விசாரித்தார்.

அவர்களில் ஒருவர் ஐம்பது வயதுப் பெண். வயிற்றில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவியிருந்தது. முதுகைத் தாங்கும் பட்டை கட்டி வந்திருந்தார். கூட்டத்தில் குணமாகிவிட்டதாக உணர்ந்து, பட்டையைக் கழற்றிவிட்டு, மேடையில் இங்குமங்கும் ஓடிக் காட்டினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மறுநாள் முதுகெலும்பு நொறுங்கிப் படுத்தவர், நாலு மாதத்தில் இறந்துபோனார். உடலுறுப்பில் உண்டான நோய் தீர்ந்ததற்கு ஒரு சான்றும் தனக்குக் கிடைக்கவில்லை என்று 1974-இல் தன் நூலில் எழுதினார் நோலன். கேத்ரினை ஏமாற்றுக்காரர் என்று அவர் எழுதவில்லை. நேர்மையானவர், ஆனால் எந்த நோய் மனத்தால் கூடிக் குறையும், எந்த நோய் குறையாது என்பது தெரியாதவர் என்றார். மறுபக்கமும் உண்டு. கலிஃபோர்னியாவின் மருத்துவர் ரிச்சர்டு காஸ்டார்ஃப், பத்துப் பேருடைய மருத்துவக் குறிப்புகளை வைத்து, இவை குணமானவைதான் என்று 1976-இல் ஒரு நூல் போட்டார். இரண்டையும் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு நோலன்தான் நிற்கிறார். காஸ்டார்ஃப் தேர்ந்தெடுத்த பத்துப் பேரைக் காட்டுகிறார். நோலன் கூட்டத்தில் கைக்குக் கிடைத்தவர்களைப் பின்தொடர்ந்து போனார்.

மேடையில் குணமானவர் வீட்டில் மோசமாவதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே நேரில் பார்த்திருக்கிறேன். நான் திருநெல்வேலிப் பக்கம் வளர்ந்தவள். என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை. பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், யாரோ ஒருவருடைய சர்க்கரை வியாதி இப்போது நீங்குகிறது என்று மேடையிலிருந்து குரல் வந்தது. பெரியம்மா கையைத் தூக்கினாள். மேடையேறி மைக்கில் பேசினாள். அப்படி ஒரு சந்தோஷத்தில் அவளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவை அடுப்படி பரணில் தூக்கிப் போட்டாள். இரண்டு தம்ளர் பாயசம் குடித்தாள். நாலாவது மாதம் வலது கால் பெருவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த வருடமும் அதே மைதானத்தில் கூட்டம் நடந்தது. கட்டுப்போட்ட காலோடு போய்க் கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். சாட்சி சொல்ல வாருங்கள் என்று மேடையிலிருந்து கூப்பிட்டபோது, என் பக்கம் திரும்பி, “என்னத்தச் சொல்ல, மக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த மேடையில் அவளுக்குச் சொல்ல இடமில்லை. எந்த மேடையிலும் இல்லை. குணமானேன் என்பவருக்கு மைக் உண்டு. குணமாகவில்லை என்பவருக்கு, குணமானது போலிருந்து பிறகு மோசமானது என்பவருக்கு, மைக் எப்போதும் எட்டாத தூரத்தில்தான் இருக்கும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. கூட்டத்தின் அமைப்பே அப்படி. ஈரி கூடாரத்தில் வாசலைப் பார்த்து அழுத கேத்ரின், வரிசையை ஒழித்தார், அட்டையை ஒழித்தார், உன் விசுவாசம் போதாது என்ற பேச்சையும் ஒழித்தார். அது பெரிய காரியம். ஆனால் மைக்கை அவர் இடம் மாற்றவில்லை.

அவருக்கு அது உறுத்தாமல் இல்லை. எல்லோரும் ஏன் குணமாவதில்லை என்று பத்திரிகைக்காரர்கள் கேட்கும்போதெல்லாம், எனக்குத் தெரியாது, பரலோகம் போனால் இதைத்தான் முதலில் கேட்பேன் என்பார். கூட்டம் முடிந்ததும் சக்கர நாற்காலிகள் வந்தபடியே திரும்பிப் போவதைப் பார்த்து உடைந்து போவார் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒளிப்பதிவில் அந்தக் காட்சி மட்டும் இல்லை.

கடைசிப் பகுதிதான் எனக்குப் பேசக் கடினமானது. 1950-களிலேயே இதயம் பெரிதாகியிருப்பதாக மருத்துவர்கள் அவரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் அதை வெளியே சொல்லவில்லை. வயதையும் யாருக்கும் சொல்லமாட்டார். அது பெண்களுக்கு மன்னிக்கப்பட்ட பொய், போகட்டும். ஆனால் ஆயிரம் பேரின் நோயை மேடையில் விரல் நீட்டிச் சொன்னவர், தன் நோயை மறைத்துக்கொண்டிருந்தார். சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இவருக்கே குணமில்லையா என்ற ஒரே கேள்வியில் எல்லாம் சரியும். 1975-இல் வேலையை விட்டு நீக்கப்பட்ட முன்னாள் நிர்வாகி ஒருவர் பணம் கேட்டு வழக்குப் போட்டார். பத்திரிகைகள் நகைக்கணக்கு, செலவுக்கணக்கு எழுதின. வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது. அந்த வருடம் முழுதும் அவர் ஊர் ஊராகக் கூட்டம் நடத்திக்கொண்டே இருந்தார். நவம்பர் 16-ஆம் தேதி ஷ்ரைன் அரங்கில் கடைசிக் கூட்டம். டிசம்பர் கடைசியில் ஓக்லஹோமாவின் டல்சா நகர மருத்துவமனையில் திறந்த இதய அறுவை. 1976 பிப்ரவரி 20-ஆம் தேதி அங்கேயே இறந்தார். வயது அறுபத்தெட்டு.

இதைக் கேலிக்காகச் சொல்பவர்கள் உண்டு. சுகமளிப்பவர் ஆஸ்பத்திரியில் செத்தாராம் என்று. எனக்கு அதில் கேலி எதுவும் தெரியவில்லை. அறுவை சிகிச்சைக்குப் போனது அவர் கடைசியாகச் செய்த தெளிவான காரியம். இருபது வருடம் அந்த நோயை அவர் தனியாகச் சுமக்க வேண்டியிருந்ததே, எனக்கு உறுத்துவது அதுதான். தான் கட்டிய மேடையிலேயே தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு இடமில்லாமல் போயிற்று. என் பெரியம்மா கடைசி வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்த மாதிரியே, கேத்ரினும் தன் கூட்டத்தில் சாட்சி சொல்ல முடியாத ஒருவராகத்தான் இருந்தார்.

காவலாளி எட்டிப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன்.

இந்த அவையில் சபைகளில் பொறுப்பில் இருப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்கள் நம்பிக்கையை விடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஜெபியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த கூட்டத்தில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவுமாக ஒருவரை உட்கார வையுங்கள். சாட்சி சொன்ன ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் எழுதிக்கொள்ளட்டும். மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று அங்கேயே அவர்களிடம் சொல்லி அனுப்பட்டும். ஆறு மாதம் கழித்து அந்த வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே என்ன கேட்டீர்களோ, அதை அடுத்த வருடக் கூட்டத்தில் அதே மைக்கில், உள்ளது உள்ளபடி வாசியுங்கள்.